மேய்ச்சல் நிலமும் அடங்காத மாடும்: வாசகர் கேள்வி - பதில்

சென்னையில் இருக்கும் ஒரு குடும்பத்தின் நாலு ஏக்கர் தரிசை ஆடு மேய்க்கக் கேட்டிருக்கிறேன். "அஞ்சு வருஷம் வச்சுக்கங்க, எழுத்தெல்லாம் எதுக்கு" என்கிறார்கள். வாய்ப்பேச்சு போதுமா? (கண்டனூர் வாசகர்)

போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதற்குப் பயந்துதான் பலரும் 11 மாதம் எழுதிப் புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள். ஆடு மட்டும் மேய்வதென்றால் அது சரி. வேலிக்கும் தொட்டிக்கும் கைக்காசு போடப் போகிறீர்கள் என்றால் ஐந்து வருடத்தையும் பதிவு செய்துவிடுங்கள்.

எழுதிக் கொடுக்க அவர்கள் தயங்குவதற்கும் காரணம் உண்டு. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து, கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும் என்ற பயம் ஊரில் போகவில்லை. "மேய்ச்சலுக்கு மட்டும், உழவும் பயிரும் இல்லை" என்று நீங்களே ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள், பேச்சு சுமுகமாகும்.

சர்வே எண்ணும் நான்கெல்லையும் எல்லாரும் எழுதுவார்கள். விட்டுப்போவது சீமைக்கருவை. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதை வெட்டும் உரிமை யாருக்கு என்று எழுதாவிட்டால், நடுக்கோடையில் ஒரு வியாபாரி வந்து மொத்தமாக வெட்டிக்கொண்டு போவார்; ஆட்டுக்கு நிழலும் போகும், தின்னும் நெற்றும் (முற்றிய காய்) போகும். இன்னொன்று, கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய தரைக்கிணறு. ஒரு மழை பெய்தால் விளிம்பைச் செடி மூடி, கிணறு இருப்பதே தெரியாது. ஆட்டை உள்ளே விடுவதற்கு முன்பே விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளிச் சுற்றிலும் முள் அடைத்துவிடுங்கள். அந்தச் செலவு யாருடையது என்பதும் பத்திரத்தில் இருக்கட்டும்.

அறுப்பு முடிந்த ஒரு ஏக்கரில் கிடை போட (எருவுக்காக ராத்திரியில் ஆட்டை வயலில் அடைக்க) 400 உருப்படியோடு கீதாரி (ஆட்டு மந்தைக்காரர்) ஒருவர் வருகிறார். எத்தனை ராத்திரி வேண்டும்? பக்கத்துப் புஞ்சையில் பகலில் மேய்க்கவும் கேட்கிறார். யார் யாருக்குப் பணம் தருவது? (கல்லல் வாசகர்)

பெரிய ஆடு ஒன்று படுக்கப் பத்துச் சதுர அடி. 400 ஆட்டுக்கு 4,000 சதுர அடி, அதாவது ஒன்பது சென்ட்டுக்குச் சற்று மேல். தினம் இடம் மாற்றினால் ஏக்கர் முழுக்கப் பதினோரு ராத்திரியில் முடியும். ஆட்டுக்கு ராத்திரிக்குச் சுமார் அரைக்கிலோ புழுக்கை என்று வைத்தால் இரண்டு டன்னுக்கு மேல் எரு, மூத்திரம் தனி.

தினம் மாற்றுவதில்தான் ஏமாற்று நடக்கும். மழை தூறினாலோ ஆளுக்கு அசதியாக இருந்தாலோ பட்டி வலையை அவிழ்க்காமல் அதே இடத்தில் மறுநாளும் அடைப்பார்கள். அந்தத் திட்டில் மட்டும் நெல் கரும்பச்சையாக வளர்ந்து, கதிர் வாங்கும்போது சாய்ந்து படுக்கும். முளைக்குச்சி அடித்த தடத்தைக் காலையில் போய்ப் பாருங்கள். கிடை நகர்ந்த இடத்தில் ஓரிரு நாளுக்குள் மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். காயவிட்டால் மூத்திரத்தின் தழைச்சத்து ஆவியாகிவிடும்.

எரு உங்களுக்கு என்பதால் கிடைக் கூலி நீங்கள் தருவது. புஞ்சைப் புல் அவர் ஆட்டுக்கு என்பதால் அந்த மேய்ச்சல் குத்தகை அவர் தருவது. இரண்டையும் "சரிக்குச் சரி" என்று கழித்துவிடாதீர்கள். கிடை பாதியில் நின்றால் யார் பாக்கி என்றே தெரியாமல் போகும். நெற்று உதிரும் காலத்துக் கிடை என்றால் புழுக்கை வழியாகச் சீமைக்கருவை முளைக்கும். சாண் உயரத்தில் பிடுங்குங்கள், பிறகு மண்வெட்டிக்கும் வராது.

குத்தகை நிலத்தில் என் பசு ஒன்று வேலியைத் தாண்டித் தாண்டிப் பக்கத்துக் கடலையில் இறங்குகிறது. கட்டிப் போட்டுவிடுவேன் என்கிறார் கடலைக்காரர். அவருக்கு உரிமை உண்டா? (பள்ளத்தூர் வாசகர்)

உண்டு. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரிடுபவரோ நிலத்தை அனுபவிப்பவரோ, பயிரை அழிக்கும் மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் (அத்துமீறிய மாடுகளை அடைக்கும் பொதுப்பட்டி) விடலாம். தம் வீட்டில் கட்டிவைத்துப் பணம் கேட்க முடியாது, அடிக்கவும் முடியாது. நீங்கள் வழிமறித்துப் பறித்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (யானையும் ஒட்டகமும்கூட இந்தச் சட்டத்தில் உண்டு, கடலைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.) குத்தகைக்காரரான உங்களுக்கும் இதே உரிமை இருக்கிறது. ஆனால் முதலில் போய் அழிம்பைக் கண்ணால் பார்த்து ஈடு பேசுங்கள். பவுண்டு வரை போனால் குத்தகையும் கசக்கும்.

பசு ஓரிடத்தில்தான் தாண்டும். கம்பியில் மயிர் ஒட்டியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். நம் காரைக்குடிப் பக்கம் கெட்டியான செம்புறாங்கல் தரை; குழி தோண்டச் சோம்பி ஒரு அடியில் கல்காலை நட்டிருப்பார்கள், மாடு சாய்ந்தால் ஆடும். கடப்பாரையால் இரண்டடி இறக்குங்கள். மூலைக்காலுக்குத் தாங்குகால் இல்லையென்றால் கம்பி என்றைக்கும் தொய்யும். ஆடும் இருந்தால் அடிக்கம்பி தரையிலிருந்து அரையடிக்கு மேல் போகக் கூடாது.

அதுவரை பசுவின் கழுத்தில் இரண்டடிக் கட்டை ஒன்றைக் குறுக்காக, முன்னங்கால் முட்டிக்கு நேரே வருமாறு தொங்கவிடுங்கள். நடந்தால் ஒன்றும் செய்யாது, ஓடினால் முட்டியில் தட்டும். கயிறு பட்டுக் கழுத்துப் புண்ணாகிறதா என்று தினம் தடவிப் பாருங்கள். மின்சாரத்தை நேரே வேலிக்கு இழுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது மனிதரைக் கொல்லும், உங்களைச் சிறைக்கு அனுப்பும்.

கையில் வளர்த்த கிடா ஆளை முட்டுகிறது. (புதுவயல் வாசகர்)

குட்டியில் நெற்றியைத் தள்ளி விளையாடியதன் பலன். ஆளைக் கண்டு கூச்சம் இல்லாத கிடாதான் முட்டும். நெற்றியைத் தொடுவதை நிறுத்துங்கள், முதுகு காட்டாதீர்கள். இனத்துக்கு வேண்டாம் என்றால் கால்நடை மருத்துவரிடம் காயடித்துவிடுங்கள்.

மழைக்குப் பின் குத்தகைக் காட்டில் புது மேய்ச்சல். கொழுகொழு குட்டிகள் துள்ளி விழுந்து சாகின்றன. விஷமா? (கோட்டையூர் வாசகர்)

பெரும்பாலும் துள்ளுமாரி (குடலில் கிருமி நஞ்சு உண்டாகும் நோய்). கொழுத்த குட்டிதான் முதலில் விழும். செத்த குட்டியைப் புதைக்குமுன் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். மீதியை வைக்கோல் தின்னவைத்து, வெயில் ஏறியபின் ஒரு மணி நேரம் மட்டும் மேயவிடுங்கள். தடுப்பூசியை அடுத்த வருடம் ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்; முதல் தடவை போடும் ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு ஊசியும் வேண்டும்.