பூட்ட மறந்தேனா, பூட்டியதை மறந்தேனா?

கேள்வி: ஆங்கிலத்தில் ஒரு வினைக்குப் பின்னால் 'டு' வருமா, 'இங்' வருமா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். பட்டியலை மனப்பாடம் செய் என்கிறார்கள். மூன்றே நாளில் இரண்டு பட்டியலும் கலந்துவிடுகின்றன. ஒரே விதி எதுவும் இல்லையா?

பதில்: இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பட்டியலைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் தமிழையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பாதி வேலையை அது முடித்துவிடும். 'கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்' என்றால் கதவு திறந்து கிடக்கிறது, அது 'ஐ ஃபர்காட் டு லாக் த டோர்'. 'பூட்டியது ஞாபகம் இல்லை' என்றால் அநேகமாகப் பூட்டியிருப்போம், நினைவில்தான் இல்லை, பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி வருவோமே அந்த ரகம். அது 'ஐ டோன்ட் ரிமெம்பர் லாக்கிங் த டோர்'. 'பூட்ட' என்ற வினையெச்சம் இன்ஃபினிடிவின், அதாவது 'டு' போட்டு வரும் வடிவத்தின், வேலையைச் செய்கிறது. 'பூட்டியது', 'பூட்டுவது' என்று பெயராக நிற்பது ஜெரண்டின், அதாவது 'இங்' போட்டு வரும் வடிவத்தின், வேலையை.

'வர மறுத்தார்', 'நீந்தக் கற்றுக்கொண்டேன்': ரெஃப்யூஸ், லேர்ன் இரண்டும் 'டு' கேட்கும். 'பேசுவதைத் தவிர்த்தார்', 'பாடுவதை ரசிக்கிறேன்': அவாய்ட், எஞ்சாய் இரண்டும் 'இங்' கேட்கும். 'பாட ரசிக்கிறேன்' என்று நம் வாயில் வருமா? வராது, அதேபோல்தான் 'எஞ்சாய் டு சிங்' என்பதும். ஸ்டாப் என்ற வினையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்ல நினைத்து 'ஐ ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்றால், போகிற வழியில் ஒரு தம் அடிக்க நின்றேன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். 'ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' என்று சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது ட்ரைதான். 'ஜன்னலைத் திறக்க முயன்றேன், முடியவில்லை' என்பது 'ட்ரைடு டு ஓபன்'. 'திறந்து பார்த்தேன், அப்போதும் புழுக்கம் போகவில்லை' என்பது 'ட்ரைடு ஓபனிங்'. இங்கே 'பார்த்தேன்' என்பதில் கண்ணுக்கு வேலையே இல்லை, சோதித்தேன் என்றுதான் அர்த்தம், இல்லையா?

சரி, தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. 'வருவதாக வாக்குக் கொடுத்தார்' என்பதை நம்பி 'ப்ராமிஸ்டு கமிங்' என்று எழுதினால் தப்பு, 'ப்ராமிஸ்டு டு கம்' தான். சஜெஸ்ட் இதற்கு நேர் எதிர், 'சஜெஸ்டட் டு கோ' என்று பலர் எழுதுகிறார்கள், வரவேண்டியது 'சஜெஸ்டட் கோயிங்'. இந்த மாதிரிச் சில்லறைகளுக்குப் பட்டியல்தான் வழி, ஆனால் அது இப்போது சின்னப் பட்டியல்.

கேள்வி: வேலைக்கு விண்ணப்பித்த கடிதத்தின் கடைசி வரியில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதினேன். தப்பு என்கிறான் தம்பி. 'டு' வந்தால் வினை அப்படியே வரவேண்டியதுதானே?

பதில்: தம்பி சொல்வதுதான் சரி, 'டு மீட்டிங் யூ' என்று வரவேண்டும். இந்த 'டு' இன்ஃபினிடிவோடு வரும் 'டு' இல்லை, ப்ரெபோசிஷன், அதாவது இன், ஆஃப், ஃபார் ஆகியவற்றின் கூட்டாளி. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வினை வந்தால் 'இங்' போட்டுத்தான் வரும். சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின்னால் ஒரு பொருளின் பெயரைப் போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்' பொருந்துகிறது, அப்படியானால் 'இங்'. 'வான்ட் டு த ஹாலிடேஸ்' பொருந்தவில்லை, அப்படியானால் வெறும் வினை. 'ஐ யூஸ்டு டு டிரைவ்' என்றால் முன்பு ஓட்டிக்கொண்டிருந்தேன், 'ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழகிவிட்டது. இந்த இரண்டையும் அதே சோதனையில் போட்டுப் பாருங்கள், தம்பியிடம் கேட்காமலேயே பிரிந்துவிடும்.