கணினி விளையாட்டு ஏன் வாடகைக்குக் கிடைப்பதில்லை?

சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் எத்தனை மாடி ஏறினாலும் உங்கள் மகனுக்குக் கணினி விளையாட்டு வாடகைக்குக் கிடைப்பது கஷ்டம். கடைக்காரர் மேல் குறையில்லை. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸின் 11ஆம் பிரிவுப்படி, மென்பொருளை வாடகைக்கு விடும் உரிமை அதன் பதிப்புரிமையாளருடையது. அமெரிக்கா 1990லேயே இதற்குச் சட்டம் போட்டது. எடுத்துப்போய் நகலெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம்தான். நகலெடுக்கச் சிரமமான கன்சோல் (விளையாடுவதற்கென்றே உள்ள கருவி) விளையாட்டுகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு.

இப்போது பெட்டிக்குள் பெரும்பாலும் வட்டே இருக்காது, குறியீடு அச்சிட்ட தாள்தான். ஒரு கணக்கில் பதிந்துவிட்டால், அப்புறம் அடுத்தவருக்கு உதவாது.

ஆடிப் பார்த்து வாங்க வேண்டுமென்றால், கணினி விளையாட்டு விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் முதலில் டெமோ (இலவச மாதிரி) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்கி, 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதையே வழக்கமாக்கினால் மறுத்துவிடுவார்கள், கவனம்.