காமிக்ஸைத் தூக்கிப் போடாதீர்கள், சகோதரி

சுங்கை சிப்புட் தோட்டத்துச் சகோதரிக்கு வணக்கம். நான்காம் ஆண்டு படிக்கும் மகன் எந்நேரமும் காமிக்ஸும் கையுமாக இருக்கிறான், கட்டுரை எழுத வரவில்லை, தாத்தா எல்லாவற்றையும் பழைய பேப்பருக்குப் போடச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். போட்டுவிடாதீர்கள்.

காமிக்ஸ் பிள்ளையைக் கெடுக்கும் என்ற பேச்சு பழசு. 1954இல் ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அப்படித்தான் எழுதினார். செனட் விசாரணை வரை போனது. கேரல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தமின் குறிப்புகளைப் புரட்டி 2012இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் சொன்னதை அவர் வெட்டியும் மாற்றியும் எழுதியிருந்தது தெரியவந்தது.

கட்டுரை வராததற்குக் காரணம் வேறு. இடம், முகபாவம், அசைவு எல்லாம் படத்திலேயே இருக்கிறது. எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பேச்சுதான். அதனால் வருணனைச் சொற்கள் அவன் கண்ணில் அதிகம் படுவதில்லை. இதைச் சரிசெய்ய அவனுடைய காமிக்ஸிலேயே ஒரு பக்கம், ஐந்தாறு கட்டம் போதும். 'மழை கொட்டியது. அவன் கதவை மெல்லத் திறந்தான்' என்று கட்டத்துக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்று வாயால் கேளுங்கள். 15 நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள்; இழுத்தால் அதுவும் வீட்டுப்பாடமாகி வெறுத்துவிடுவான். எழுத்துப்பிழையை அப்போதே திருத்தாதீர்கள்.

மங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸ் வாங்கினால் மட்டும் பின்னட்டையில் வயதுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்கான கதைகளும் அதே அலமாரியில்தான் கிடக்கும்.