கனவில் எந்த மொழி?

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சொந்த ஊர் அவிநாசிப் பக்கம். ஐந்தாறு வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன், கடிதம் எழுதுவது முதல் தடவை.

எங்கள் யூனிட்டில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர்கள். என் லைனில் ஓவர்லாக் தையல் மிஷின் அடிக்கும் ஒரு பெண் ஒடிசாவில் பலாங்கீரிலிருந்து வந்தவள். அந்த ஊரிலிருந்து இங்கே இருப்பது அவள் ஒருத்திதான். டீ டைமில் வீட்டுக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறாள். அதை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அவளுக்குப் போன் வருகிறது. ஷிப்மெண்ட் நேரம், லீவு கிடைக்கவில்லை. கடைசியில் சூப்பர்வைசர் கைக்காசு 2000 ரூபாய் கொடுத்து ரயிலேற்றி விடுகிறார். கதையில் அவளுடைய நிஜப் பெயரையே வைத்திருக்கிறேன்.

இரண்டு நண்பர்களுக்குக் காட்டினேன். ஒருவர், "அவள் வாழ்க்கையை எழுத நீ யார்? இது அபகரிப்பு. அவளே எழுதட்டும்" என்றார். இன்னொருவர், "அவனவன் சாதியை அவனவன்தான் எழுதணும்னா கதை எதுக்கு, வாக்காளர் பட்டியல் போதுமே" என்றார். ஒரு வாரமாக மண்டை காய்கிறது. பேசாமல் அவளைத் திண்டுக்கல் பெண்ணாக மாற்றிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். வேற்று மொழிக்காரர்களை, வேற்றுச் சமூகத்தவர்களை எழுதலாமா, கூடாதா? எழுதினால் அவர்களைக் கேவலப்படுத்தாமல் எப்படி எழுதுவது? கதையை இணைத்திருக்கிறேன்.

ச., திருப்பூர்

(அந்தப் பெண்ணின் பெயரை நான் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ச.,

எழுதலாம். அதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்விதான் கஷ்டம். உங்கள் கதையை இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் வீட்டில் டிவியில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. பொள்ளாச்சிப் பண்ணையார், முறுக்கு மீசை, தென்னந்தோப்பு, சொல்லுக்குச் சொல் ஒரு 'ங்'. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்து, "ஏனுங், இந்தாளு எந்தூருங்?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அவள் வாயில் வந்ததும் அதே 'ங்'தான், ஆனால் அந்த நடிகர் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சு இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. நீங்களும் இந்த எரிச்சலைப் பட்டிருப்பீர்கள். அச்சில் வார்த்த வெல்லம் மாதிரி கொங்குக்காரர் என்றால் ஒரே உருவம்: வெள்ளந்தி, உபசாரம், மரியாதை.

அந்த மரியாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தப்பும் அங்கேதான் இருக்கிறது. கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். எங்கள் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்த அருந்ததியர் ஒருவருக்கு அப்போது 60 வயதிருக்கும். எட்டு வயதுப் பையனான நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், 'வாடா' என்பேன். அவர் என்னை 'சின்னச் சாமி' என்பார். 'ங்க' எல்லாம் அவர் பக்கமிருந்து எங்கள் பக்கம் வந்ததே தவிர, இங்கிருந்து அங்கே ஒன்றுகூடப் போனதில்லை. ஆக, நம்மைப் புகழும் அச்சும் அச்சுதான். அதற்கடியில் இப்படிப் பல விஷயங்கள் அமுங்கிக் கிடக்கும்.

பின்னாளில் அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் முடிந்து மோட்டார் வருகிறது, மாடுகளை விற்றுவிடுகிறார்கள், அவர் ராத்திரியில் காலிக் கட்டுத்தரையில் நின்று அழுகிறார். அப்புறம் கனவில் மாடுகளோடு பேசுகிறார். நல்ல பெயர் வாங்கிய கதை. மண்ணின் மணம் என்றார்கள். நானும் நம்பினேன்.

அவருடைய மகன் இப்போது கோவையில் ஒரு வங்கியில் இருக்கிறான். கதையைப் படித்துவிட்டு ஒருநாள் வந்தான். "கதை நல்லாத்தானுங்க இருக்குதுண்ணா" என்று ஆரம்பித்தான். நம் ஊரில் ஒருவர் அப்படி ஆரம்பித்தால் அடுத்து என்னவோ வரப்போகிறது என்று அர்த்தம். "எங்கப்பன் விடியறப்ப உங்க தோட்டத்துக்குள்ள வர்றாரு, பொழுது எறங்குனா போயர்றாரு. போனதுக்கப்புறம் என்னங்க பண்ணுனாரு? கதையில அது இல்லீங்களே" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. "அவரு அழுதது மெய்தானுங்க. மாட்டுக்காக இல்லீங்க, கவலை நின்னா கூலிக்கு அளக்கற கம்பும் நின்னுருமேன்னு அழுதாரு." கொஞ்சம் நேரம் கழித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "வீட்டுல நாங்க பேசறது தெலுங்குங்க. உங்க கதையில எங்கப்பன் கனவுலகூடத் தமிழ்லதான் பேசறாரு."

கொங்கு நாட்டு அருந்ததியர் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். புத்தகத்தில் படித்து எனக்கும் தெரியும். தெரிந்தும், வருடக்கணக்கில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர் வீட்டுக்குப் போய் எந்த மொழியில் சோறு கேட்டார் என்று ஒருநாளும் தோன்றவில்லை. நான் எழுதியதெல்லாம் அவர் என் கண்ணில் பட்ட நேரத்தை மட்டும்தான். அந்த நேரத்தில் அவர் எங்களுக்காக வேலை செய்தார், எங்களுக்குப் பயந்தார், எங்களுக்குப் பிடித்த மாதிரி பேசினார். அதையே முழு மனிதர் என்று எடுத்துக்கொண்டேன். அச்சுப் பாத்திரங்களில் பாதி இப்படித்தான் உருவாகின்றன என்று இப்போது நினைக்கிறேன். கெட்ட எண்ணமே தேவையில்லை, பாசம்கூடப் போதும்.

இனி உங்கள் கதை. காலை எட்டரைக்கு லைனுக்கு வருகிறாள், ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆஸ்டல் வேனில் ஏறுகிறாள். வேன் கிளம்பினால் கதையில் அவள் இல்லை.

லைனுக்குள் நடப்பதை நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பண்டல் பிரித்துக் கொடுப்பது, கைமடிக்கு நிற்கும் பாட்டி பீஸைத் தட்டி மடிக்கும் சத்தம், பேட்லாக் மிஷின்காரருக்கும் செக்கிங்குக்கும் தினமும் நடக்கும் சண்டை, இதெல்லாம் வெளியாள் ஒருவரால் எழுதவே முடியாது. ஆனால் அவள் வாயைத் திறந்ததும் கதை படுத்துவிடுகிறது. "நம்பள்கி ரொம்பக் கஷ்டம் சாப்" என்கிறாள். 'நம்பள்கி' பழைய சினிமா சேட்டுக்குச் செய்த தமிழ். பலாங்கீர்ப் பெண்ணுக்கு அதை ஏன் மாட்டிவிடுகிறீர்கள்? உங்கள் லைனில் தமிழ் கற்றவள் 'அண்ணா, நூல் தீந்துருச்சுங்க' என்றுதான் சொல்வாள், நம் 'ங்க'வோடு. 'பொள்ளாச்சி'யை அவள் 'பொலாச்சி' என்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தியில் 'ள' கிடையாது, சரி. ஒடியாவில் உண்டு, ஆனால் அவள் ஊர்ப் பக்கத்துப் பேச்சில் அதுவும் 'ல' ஆகிவிடும், அதனால் இது தப்பில்லை. 'ழ' வராமல் போகலாம், ஆனால் வாளப்பளம் தின்கிற நாம் அதைச் சொல்லிச் சிரிக்க முடியாது. உண்மையில் அவள் பேச்சில் ஒடியா தெரிகிற இடம் வேறு. 'அ' கொஞ்சம் 'ஒ' பக்கம் சாயும், கம்பெனி 'கொம்பானி' மாதிரி கேட்கும். கதை முழுக்க ஒரு இடத்தில் அதைக் காட்டினால் போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல், அம்மாவிடம் போனில் பேசும்போதும் அதே உடைந்த தமிழில் பேசுகிறாள். அம்மாவிடம் எதற்கு உடைந்து பேச வேண்டும்? சொந்த மொழியில் அவள் நக்கல் அடிப்பாள், பழமொழி சொல்வாள், சண்டை போடுவாள். அந்த இடத்தை நல்ல, சரளமான தமிழில் எழுதுங்கள். போன் பேச்சை ஒட்டுக்கேட்கும் சூப்பர்வைசருக்கு அது புரியாமல் இருக்கட்டும், அது வேறு.

இரண்டு இடத்தில் 'இந்தியில் பேசினாள்' என்று வருகிறது. பலாங்கீர் மேற்கு ஒடிசா. அங்கே பேசுவது சம்பல்புரி, கட்டக், பூரிப் பக்கத்து ஒடியாவிலிருந்து நன்றாகவே விலகிய பேச்சு. கடற்கரைக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்னவோ, நம் பேச்சைக் கேட்டு மெட்ராஸ் சிரிப்பதுபோல. ஒடியா 2014இல் செம்மொழித் தகுதி பெற்றது. தமிழ் செம்மொழி என்று மார்தட்டுகிற நாம் அதே தகுதி உள்ள இன்னொரு மொழிக்காரியை 'இந்திக்காரி' என்றுவிடுகிறோம். மைதிலி, சந்தாலி பேசுகிறவர்களுக்கும் இதே கதிதான். ரயிலை விட்டு இறங்கினால் எல்லாரும் 'வடக்கன்'. 2023 மார்ச்சில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கோ நடந்த அடிதடி வீடியோக்களைத் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பரப்பினார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூர் வந்து விசாரித்துவிட்டுப் போனது. வதந்தியைக் கிளப்பியவர்கள் அங்கே இருந்தவர்கள்தான். ஆனால் இங்கே லைனில் நின்றவர்கள் ஏன் ஒரே நாளில் நம்பிப் பயந்தார்கள் என்று கேட்டால், நமக்கு அவர்கள் எல்லாரும் ஒரே சொல்தான் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

சாப்பாடு விஷயமும் இதே கதைதான். ஆஸ்டலில் அவளுக்குச் சப்பாத்தி கிடைக்காமல் ஏங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒடிசா அரிசிச்சோற்று ஊர். வெயில் காலத்தில் அவர்கள் உயிரைக் கொடுத்துச் சாப்பிடுவது பகாளா, தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்ட சோறு. நம் பழையசோறுதான். வடநாட்டுப் பிள்ளைகளாச்சே என்று ஆஸ்டலில் அக்கறையாகச் சப்பாத்தி போட, அவள் வாட்ச்மேன் தூக்குப்போசியில் இருக்கும் பழையசோற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று வைத்துப் பாருங்கள்.

அப்புறம் கடைசிக் காட்சி. பணம் வாங்கியதும் அவள் சூப்பர்வைசர் காலில் விழுகிறாள். நீங்கள் உத்தமர் என்று காட்டுவதற்காகவே அவள் அழுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். மேற்கு ஒடிசாவின் பெரிய பண்டிகை நுவாகாய். 'நுவா' என்றால் புதிது, 'காய்' என்றால் உண்பது. புது நெல்லரிசியைச் சாமிக்குப் படைத்து, குறித்த லக்கினத்தில் வீட்டார் எல்லாரும் சேர்ந்து உண்டு, சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொட்டு 'நுவாகாய் ஜுஹார்' என்று வணங்குவார்கள். கால் தொடுவது அவள் வீட்டில் சந்தோஷமான விஷயம். உங்கள் கதையில் அது கடனாளியின் நன்றியாகிவிட்டது.

அந்தப் பண்டிகை வருவது பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். கம்பெனி சதுர்த்திக்கு லீவு விடுகிறது. மறுநாள் அவள் வந்து லீவு கேட்கிறாள். சூப்பர்வைசர் என்ன சொல்வார்? "நேத்துத்தானே லீவு விட்டோம்?" அப்பா சாகக் கிடக்க வேண்டாம், யாரும் அழ வேண்டாம். எனக்கு இந்த ஒரு கேள்வியில் உங்கள் முழுக்கதையையும்விட அதிகம் கேட்கிறது. ஆனால் நம் பொங்கல் மாதிரிதான் என்று விளக்கி ஒரு பத்தி எழுதிவிடாதீர்கள். பண்டிகையைக் கதைக்குத் தோரணமாகக் கட்டினாலும் வீண். மறுநாள் அவள் யாருடைய காலைத் தொட்டாள், ஆஸ்டலில் புது அரிசிக்கு எங்கே போனாள் என்பதெல்லாம் நீங்கள் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியவை.

யாரிடம் தெரிந்துகொள்வது என்பதில்தான் உங்கள் முதல் நண்பர் சொன்ன அபகரிப்பு வருகிறது. அவர் சொன்னதில் பாதி எனக்குச் சரியென்றே படுகிறது. அவளிடமே கேட்டு அனுமதி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். அவளுடைய ஓ.டி.க்குக் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். 'எழுதட்டுமா?' என்றால் 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வாள்? டீ டைமில் அவள் சொன்னதும்கூட லீவு கிடைக்குமா என்று பார்த்துச் சொன்னதாக இருக்கலாம். அந்த வீட்டுக் கதையை விட்டுவிடுங்கள், அது அவளுடையது. மற்றதை, உங்களுக்குப் பயப்பட வேண்டிய அவசியமில்லாத ஒரு ஒடிசாக்காரரிடம் காட்டுங்கள். வேலையை விட்டுப் போனவர், வேறு கம்பெனிக்காரர், யாராவது. அவர் சிரிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அவள் மனதுக்குள் போகாமல், ஒன்றும் புரியாத அந்தச் சூப்பர்வைசரின் கண் வழியாகவே எழுதலாம். அவருக்குத் தெரியாதது எவ்வளவு என்று வாசகருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முதல் கதைக்கு இதுவே நல்லது என்பது என் எண்ணம். என் மாட்டுக்கதையை அப்படி எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

திண்டுக்கல் பெண்ணாக மாற்றும் யோசனை மட்டும் வேண்டாம். அந்தப் பையன் வந்துவிட்டுப் போன பிறகு வெட்கப்பட்டு, இரண்டாம் பதிப்பில் அந்தக் கதையையே எடுத்துவிட்டேன். பெரிய நாணயஸ்தன் என்று எனக்கே ஒரு நினைப்பு. புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவன் போன் பண்ணினான். "ஏனுங்ண்ணா எடுத்துட்டீங்க? திருத்தித்தானுங்க இருக்கோணும். எங்கப்பனுக்கு இருந்தது அந்த ஒரு கதைதானுங்க." இன்னும் திருத்தி முடிக்கவில்லை. அந்த வீட்டில் பேசிய தெலுங்கு ஆந்திரத் தெலுங்கும் இல்லை, நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு. அவன் அம்மாவிடம்தான் போய் உட்கார வேண்டும். இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அந்தம்மா எனக்கு நாற்காலி போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டு தமிழிலேயே பேசினார்.

உங்களுக்கு இரண்டு வேலை. பலாங்கீரிலிருந்து அந்த யூனிட்டில் ஒருத்திதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் பெயரை இன்றைக்கே மாற்றுங்கள், முடிந்தால் ஊரையும் பக்கத்துக் காலாஹண்டியாக்குங்கள். அப்புறம் நாளைக்கு வேலைக்குப் போனதும் 2025 ஆகஸ்ட் 28ஆம் தேதி வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். முந்தின நாள் பிள்ளையார் சதுர்த்தி. அன்றைக்கு உங்கள் லைனில் யார் யார் ஆப்சென்ட், அதற்காக நீங்கள் அவர்களை என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.