கண்ணில் திடீர் கரும்புள்ளி, ஓரத்தில் மின்னல்: கல்யாணம் முடியும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. நான்கு நாட்களாக வலது கண்ணில் ஒரு வளையமும் சில கரும்புள்ளிகளும் மிதக்கின்றன. கொசு என்று நினைத்துக் கையை வீசுகிறேன். இரவில் விளக்கை அணைத்ததும் அதே கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. வலியோ சிவப்போ இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து மைனஸ் 6 கண்ணாடி போடுகிறேன், சர்க்கரையும் உண்டு. கண்ணாடிக் கடையில் பார்த்துவிட்டு பவர் மாறவில்லை என்றார்கள். மூன்று வாரத்தில் மகள் கல்யாணம். அது முடிந்து காட்டினால் போதுமா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: போதாது அம்மா. இன்றைக்கே, முடியாவிட்டால் நாளைக் காலையிலாவது, விழித்திரையைப் பார்க்கும் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். பெரும்பாலும் இது வயதோடு வரும் மாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கண்ணுக்குள் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கண்ணின் உள்ளே பெரும்பகுதியை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்ற ஜெல். ஏறக்குறைய 4 மில்லி இருக்கும். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், மீதியில் மெல்லிய கொலாஜன் இழைகள். வயதாக ஆக ஜெல் நீர்த்துப்போய், இழைகள் திரண்டுகொள்ளும். அவற்றின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் புள்ளியாகவும் நூலாகவும் பார்க்கிறீர்கள். அதனால்தான் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்க்கும்போது அவை நன்றாகத் தெரியும். கண்ணைத் திருப்பினால் கொஞ்சம் பின்தங்கி வரும்.

ஐம்பது, அறுபது வயதுகளில் இந்த ஜெல் சுருங்கி விழித்திரையை விட்டு விலகும். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கும், கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கும் சீக்கிரமே விலகலாம். நீங்கள் சொல்லும் வளையம், பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த இடம் பெயர்ந்து வந்ததாக இருக்கக்கூடும். விலகும்போது ஜெல் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. இழுத்தாலும் கிழிந்தாலும் அது மூளைக்கு வெளிச்சம் என்றே செய்தி அனுப்பும். இருட்டில் நீங்கள் பார்க்கும் மின்னல் அதுதான். வலி இல்லை என்பதால் எத்தனையோ பேர் வாரக்கணக்கில் பொறுத்திருந்து பார்வையை இழந்துவிட்டு வருகிறார்கள். அதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இப்படிப் புதிதாகப் புள்ளியும் மின்னலும் கண்டு வருபவர்களில் 10 பேரில் ஒருவருக்காவது விழித்திரையில் கிழிசல் இருக்கும். ஈரம் புகுந்த சுவரில் பூச்சு உப்பிக் கழன்று வருகிற மாதிரி, கிழிசல் வழியாக நீர் உள்ளே புகுந்து விழித்திரையைப் பெயர்த்துவிடும். நடுப்பகுதியான மேக்யுலா கழன்றுவிட்டால், ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்புவது அரிது. உங்களுக்குச் சர்க்கரையும் இருப்பதால் புள்ளிகள் ரத்தக் கசிவாகவும் இருக்கலாம்.

கண்ணாடிக் கடையில் பார்த்தது பவர் மட்டும். கிழிசல் பெரும்பாலும் விழித்திரையின் ஓரத்தில் வரும். பவர் பார்த்தால் அது தெரியாது. சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, ஓரம்வரை பார்க்க வேண்டும். பிறகு சில மணி நேரம் பார்வை மங்கி, வெயில் கூசும். வண்டி ஓட்ட வேண்டாம், யாரையாவது துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கிழிசல் மட்டும் இருந்தால் லேசர் போதும். அதைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி, நீர் புகாமல் தடுப்பார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். தழும்பு இறுக ஒன்றிரண்டு வாரம் ஆகும், கல்யாணத்துக்குள் சரியாகிவிடும். தள்ளிப்போட்டு விழித்திரை கழன்றுவிட்டால் பெரிய ஆபரேஷன். பல சமயம் கண்ணுக்குள் வாயு நிரப்பி, சில நாட்கள் முகத்தைக் கவிழ்த்தபடி இருக்கச் சொல்வார்கள். அந்த வாயு கரையும்வரை விமானம் கூடாது, கொடைக்கானல் ஏறவும் கூடாது; உயரம் போனால் வாயு விரிந்து கண் அழுத்தம் கூடும். அந்த நிலையில் கல்யாண வேலை எப்படிப் பார்ப்பீர்கள்?

புள்ளிகள் கரித்தூள் கொட்டியது போல் திடீரெனப் பெருகினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல் மறைத்தாலோ, ராத்திரியாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால்தான் இது தெரியவரும்.

இரண்டு கண்ணிலும் கோணல்மாணலாக வெளிச்சக் கோடு வளர்ந்து, அரை மணி நேரத்தில் மறைந்து, அப்புறம் தலைவலி வந்தால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியின் அறிகுறி. உங்களுடையது அப்படித் தெரியவில்லை.

கிழிசலோ ரத்தக் கசிவோ இல்லை என்றால் மருந்தே வேண்டாம். புள்ளியைக் கரைக்க மாத்திரையோ சொட்டு மருந்தோ கிடையாது. நந்தியாவட்டைச் சாறு, தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். சில மாதங்களில் புள்ளிகள் பார்வைப் பாதையிலிருந்து இறங்கிவிடும். மூளையும் அவற்றைக் கவனிப்பதை விட்டுவிடும். ஆனால் 4 முதல் 6 வாரத்தில் ஒருமுறை மறுபடி காட்டுங்கள், புதுக் கிழிசல் பிறகும் வரலாம். இடது கண்ணிலும் இதே மாற்றம் பின்னால் வரக்கூடும். அப்போதும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.