எனக்கு எதில் ஆர்வம்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கோவை பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இ.சி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கட் ஆஃப் 171. கவுன்சலிங்கில் சாய்ஸ் லிஸ்ட்டை நிரப்பியது சித்தப்பா மகன். எனக்கு அப்போது எந்த அபிப்பிராயமும் இல்லை, இப்போதும் இல்லை. ‘உனக்கு எதில் ஆர்வம் என்று முதலில் கண்டுபிடி’ என்கிறார்கள். இணையத்தில் ஆளுமைத் தேர்வு எழுதினேன். போன வருஷம் ஐ.என்.எஃப்.ஜே. என்ற வகை வந்தது, இப்போது ஐ.எஸ்.டி.ஜே. வருகிறது. இரண்டு அரியர் இருக்கிறது. விடுதியில் ஜூனியர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் நேரம் போவது தெரிவதில்லை. இதை விட்டுவிட்டு பி.எஸ்சி. சைக்காலஜி சேரலாமா? கல்விக் கடனில்தான் படிக்கிறேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த நான்கெழுத்து வகை மாறிப்போனதற்காகக் கவலைப்படாதீர்கள். மனிதர்களைப் பதினாறு ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை வகுத்த கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்ல. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவர்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது என்பது அதன்மேல் வெகுகாலமாக இருக்கும் புகார். நீங்கள் எழுதியது அதன் இணைய வாரிசு. பொழுதுபோக்குக்குச் சரி, பட்டப்படிப்பைத் தீர்மானிக்க ஆகாது.

ஆர்வம் என்பது உள்ளுக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, சரியான கேள்வி கேட்டால் எழுந்து வந்துவிடும் என்று நம்புவதால்தான் இந்தத் தேர்வுகளிடம் போகிறோம். பால் ஓ’கீஃப், கேரல் ட்வெக், கிரெகரி வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2018இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதி எனக்குப் பிடித்தது. மாணவர்களுக்குக் கருந்துளை பற்றி சுவாரசியமான ஒரு வீடியோவைக் காட்டினார்கள். எல்லோருக்கும் உற்சாகம். அப்புறம் அதே விஷயத்தில் கடினமான ஓர் அறிவியல் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே அமைந்தது என்று எண்ணுபவர்களுக்கு உற்சாகம் சட்டென்று இறங்கியது. ஆர்வம் வளரக்கூடியது என்று எண்ணுபவர்களுக்கு அவ்வளவு இறங்கவில்லை. கஷ்டமாக இருந்தால் ‘இது நமக்கானது இல்லை’ என்று முதல் கூட்டம் முடிவுகட்டிவிடுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. இ.சி.இ.யை விட்டுவிடலாமா என்கிறீர்கள். எது பிடிக்கவில்லை? மின்காந்தவியலா, அதை நடத்துகிற விதமா, அரியர் விழுந்த பேப்பரா? இது மூன்றும் ஒன்றல்ல. சைக்காலஜிக்குப் போனாலும் அங்கே புள்ளியியல் காத்திருக்கும். வெறும் இளநிலைப் பட்டத்தோடு யாருக்கும் ஆலோசனை சொல்ல உட்கார முடியாது. முதுகலையும் அதற்கு மேல் பயிற்சியும் வேண்டும். இதையெல்லாம் விசாரித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனைப் பாருங்கள். இயற்பியலில் 1976இல் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார். அதற்கப்புறம்தான் தனக்கு வேண்டியது உயிரியல் என்று முடிவுசெய்து, அமெரிக்காவின் சான் டியகோவில் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009இல், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக அவருக்குக் கிடைத்ததோ வேதியியல் நோபல். ‘அவர் மேதை, நான் அப்படியா’ என்பீர்கள். நான் நோபலுக்காகச் சொல்லவில்லை. முனைவர் பட்டம் வரைக்கும் போன பிறகும் ஒருவருக்குத் திசை மாறலாம், கற்ற இயற்பியலும் வீண்போகாது என்பதற்காகச் சொல்கிறேன். உங்களுக்குப் பத்தொன்பது வயதோ இருபது வயதோ இருக்கும்.

இனி அந்த ஜூனியர்கள். கடிதம் முழுக்க உங்களைப் பற்றித் தெரியாது தெரியாது என்று எழுதிவிட்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் தெரிந்ததை எழுதியிருக்கிறீர்கள். அதற்காக ஆசிரியர் ஆகிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பரீட்சைக்கு முந்தைய இரவு, தேடிவந்து கேட்கும் நாலு பேருக்குச் சொல்லித்தருவது வேறு. வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகள், திருத்த வேண்டிய நோட்டுகள், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவு என்று நாள் போவது வேறு. இந்த லீவில் ஊருக்குப் போகும்போது தெருப் பிள்ளைகளை மாலையில் கூட்டிவைத்து ஒரு மாதம் பாடம் எடுங்கள். பின்னம் புரியாத ஒரு பிள்ளையிடம் மூன்றாவது வாரமும் பொறுமை மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அது ஒத்துவந்தால், பொறியியல் பட்டத்துக்குப் பிறகு பி.எட். சேர வழி இருக்கிறது.

அதேபோல, தொழில் நிறுவனத்துக்கே போய்ப் பெறும் இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்கும் நிஜமாகவே போங்கள். போகாமலே சான்றிதழ் வாங்குவது நம் கல்லூரிகளில் ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. உங்கள் துறையின் வேலை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பை நாமே காசு கொடுத்துத் தவிர்க்கிறோம்.

படிப்பை விடலாமா என்று கேட்டீர்கள். விடாதீர்கள். பாதியில் நின்றால் பட்டம் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். முடித்தால், பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. சைக்காலஜி முதுகலைக்கு வேறு பட்டக்காரர்களைச் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்விலும் 2021 முதல் மானுடவியல் – சமூக அறிவியல் தாளில் சைக்காலஜி ஒரு பிரிவு. நீங்கள் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். நடுவில் இரண்டு வருஷம் ஐ.டி. வேலைக்குப் போய்க் கடனை அடைத்தால் அது தோல்வி ஒன்றும் இல்லை.

ஆகவே அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டியது அரியரைப் பற்றி மட்டும்தான். நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. வரும் செமஸ்டரில் இரண்டையும் முடித்துவிடுங்கள். பி.எட்., எம்.எஸ்சி., ஐ.டி. கம்பெனி, எங்கே போனாலும் அரியரைக் கேட்பார்கள்.