மாற்றுத்திறனாளிக்கு எதுக்கு எச்ஐவி டெஸ்ட்?

கேள்வி: வணக்கம் அக்கா, எம்எஸ்டபிள்யூ படிக்கிறேன். ஆப்பிரிக்காவுல எச்ஐவி பத்தி ப்ராஜெக்ட் பண்றேன், அதுல மாற்றுத்திறனாளிங்களையும் சேக்கலாம்னு சொன்னா கூடப் படிக்கிறவங்க "அவங்களுக்கு ரிஸ்க்கே கம்மி, எதுக்கு அது"ன்றாங்க. நெஜமா? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: அப்படியே தலைகீழ்மா. உன் ஃப்ரெண்ட்ஸ் சொல்றதத்தான் ஹெல்த் துறையில பெரிய பொறுப்புல இருந்தவங்களே ரொம்ப வருஷம் நம்பிட்டு இருந்தாங்க, வீல்சேர்ல இருக்கறவங்களுக்கு ஏது காதல், கண்ணு தெரியாத பொண்ணுக்கு ஏது செக்ஸ்னு. நோரா குரோஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் தலைமையில யேல் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேந்து ஒரு சர்வே பண்ணி 2004ல வெளியிட்டாங்க, எல்லாருக்கும் இருக்குற ரிஸ்க் இவங்களுக்கும் இருக்கு, பல விஷயத்துல கூடுதலாவே இருக்குன்னு அதுல வந்துச்சு.

நம்பர் வேணும்னா கேமரூன் தலைநகர் யாவுண்டேல நடந்த ஆய்வைப் பாரு, 2017ல வெளிவந்தது. ஒரு மாற்றுத்திறனாளிய சேத்தா அதே ஏரியாவுல அதே வயசுல, ஆணுக்கு ஆண் பெண்ணுக்குப் பெண்ணுன்னு, குறைபாடு இல்லாத ஒருத்தரையும் சேத்து, பக்கத்துக்கு 807 பேர். டெஸ்ட் எடுத்துக்கிட்டவங்கள்ல மத்தவங்க பக்கம் எச்ஐவி 3.9%, மாற்றுத்திறனாளிங்க பக்கம் 6.8%. ஒரே ஊர், ஒரே வயசு, அப்புறமும் இவ்ளோ வித்தியாசம்.

இதுக்குக் காரணம் அவங்க உடம்பு இல்ல. ஸ்கூலுக்கே அனுப்பாத பிள்ளைக்கு ஸ்கூல்ல சொல்லித்தர்ற எய்ட்ஸ் பாடம் எப்படிப் போய்ச்சேரும், ரேடியோல சொல்றது காது கேக்காதவங்களுக்கு இல்ல, போஸ்டர் ஒட்டுறது பார்வை இல்லாதவங்களுக்கு இல்ல, கையில காசில்லாம ஒருத்தர நம்பியே வாழ்ற பொண்ணு அவன்கிட்ட காண்டம் போடுன்னு எப்படிச் சொல்லுவா? பாலியல் வன்முறையும் இவங்க மேலதான் அதிகம். கன்னிப்பொண்ணோட உறவு வச்சா எய்ட்ஸ் போயிடும்னு ஒரு கொடூரமான நம்பிக்கை சில இடங்கள்ல இருந்துச்சு, மாற்றுத்திறனாளிப் பொண்ணுங்கன்னா எப்படியும் கன்னியாத்தான் இருப்பாங்கன்னு நெனச்சு அவங்கள குறிவச்சிருக்காங்க. குரோஸ் இதையும் 2004லயே எழுதினாங்க. எழுதும்போதே எனக்கு வயிறு எரியுது.

கேள்வி: அக்கா, டெஸ்டும் மாத்திரையும் ஃப்ரீயா குடுக்குறாங்கல்ல, அப்புறம் என்ன தடை? - ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஃப்ரீதான் தம்பி, ஆனா அந்த ரூமுக்குள்ள போகணுமே. ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா நிலவரம் பத்தி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்பு 2014ல ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு, கிளினிக் தூரம், சைகை மொழி தெரிஞ்ச ஸ்டாஃப் இல்ல, எல்லாத்துக்கும் மேல ஸ்டாஃபோட மனசுல இருக்குற எண்ணம்னு எல்லாம் அதுல இருக்கு.

காது கேக்காத ஒரு பொண்ணு கவுன்சிலர், அதாவது டெஸ்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆலோசனை சொல்றவர், முன்னாடி உக்காந்திருக்கான்னு வச்சுக்கோ. கவுன்சிலருக்கு சைகை தெரியாது, அதனால கூட வந்த அண்ணன்தான் எடுத்துச் சொல்லணும், யாரோட உறவு இருந்துச்சுன்னு கேக்குறதும் அண்ணன் வழியா, ரிசல்ட் பாசிட்டிவ்னா அதுவும் மொதல்ல அண்ணன் காதுக்குத்தான் போகும். எந்தப் பொண்ணு வாயத்தொறந்து உண்மைய சொல்லுவா? யாருக்கும் சொல்ல மாட்டோம்னு சுவத்துல எழுதிப்போட்டா போதுமா?

கென்யாவுல இதுக்கு நல்ல வழி கண்டுபிடிச்சாங்க. லிவர்பூல் விசிடிங்கிற அமைப்பு காது கேக்காதவங்களுக்கே கவுன்சிலிங் ட்ரெய்னிங் குடுத்து, அவங்களையே கவுன்சிலரா உக்கார வச்சு, அவங்க சமூகத்துக்கு அவங்களே டெஸ்ட் பண்ற மாதிரி சென்டர் ஆரம்பிச்சாங்க. நடுவுல ஆளே கிடையாது, ரெண்டு பேரும் நேரா சைகையில பேசிக்கலாம். நான் படிச்சதுலயே மனசுக்கு நிறைவா இருந்தது இதுதான்.

கேள்வி: எச்ஐவியால புதுசா குறைபாடு வருமா மேடம்?

பதில்: வரும், நோயாலயும் வரும் மருந்தாலயும் வரும். ஸ்டாவுடின்னு ஒரு பழைய மாத்திரை, விலை கம்மின்னு ஆப்பிரிக்கா முழுக்கக் குடுத்தாங்க, அது பலருக்கு நரம்பைப் பாதிச்சு கால் எரிச்சல், மரமரப்புன்னு நடக்கவே கஷ்டப்படுத்துச்சு, 2009ல உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியா விடச் சொல்லுச்சு. அப்புறம் எச்ஐவி கூட மருந்துக்கு அடங்காத டிபியும் சேந்தவங்களுக்குப் போட்ட கானமைசின் ஊசி, அதுல பலருக்குக் காதே போயிடுச்சு, உசுரு தப்பிச்சும் சத்தமே கேக்காம நின்னவங்க நிறைய. தென்னாப்பிரிக்கா 2018ல அந்த ஊசிக்குப் பதிலா பெடாக்விலின் மாத்திரைக்கு மாறுச்சு.

கேள்வி: அவங்களுக்காக யாராவது குரல் குடுத்தாங்களா அக்கா? நான் ப்ராஜெக்ட்ல எதை ஃபோகஸ் பண்ணட்டும்? - மறுபடியும் திருச்சி வாசகி

பதில்: அவங்களே குடுத்தாங்கம்மா. ஆப்பிரிக்க மாற்றுத்திறனாளி அமைப்புகள் சேந்து இயக்கம் நடத்தி 2008ல கம்பாலா பிரகடனம் கொண்டுவந்தாங்க, எய்ட்ஸ் திட்டம் எல்லாத்துலயும் எங்களையும் சேருங்கன்னு. அதுக்கு முன்னாடியே 2006ல ஐ.நா. மாற்றுத்திறனாளி உரிமை ஒப்பந்தம் வந்துடுச்சு, அதோட 25வது பிரிவு பாலியல் ஆரோக்கிய சேவையும் இவங்களுக்கு சமமா கிடைக்கணும்னு பேரோடவே சொல்லுது. 2009ல ஐ.நா.வோட எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸும் இதப் பத்திக் கொள்கைக் குறிப்பு வெளியிட்டுச்சு.

இவ்ளோ இருந்தும் நிறைய கிளினிக் ரெஜிஸ்டர்ல வயசு, பாலினம் கேப்பாங்க, குறைபாடு இருக்கான்னு கேக்க ஒரு கட்டம் இருக்காது, அதனால எத்தன பேர் டெஸ்டுக்கு வந்தாங்க, எத்தன பேர் மருந்தப் பாதியில விட்டாங்கன்னு அரசாங்கத்துக்கே தெரியாது, தெரியலன்னா பட்ஜெட்டும் வராது. வாஷிங்டன் குரூப் கேள்விகள்னு ஒரு செட் இருக்கு, மொத்தம் ஆறுதான், பாக்குறது, கேக்குறது, நடக்குறதுன்னு ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு சிரமம்னு கேக்கும். நீ அதை எடுத்துக்கோ, எந்த நாட்டு எச்ஐவி சர்வேல இது இருக்கு எதுல இல்லன்னு தேடிப்பாரு. அப்புறம் முடிஞ்சா உன் டீம்லயே ஒரு மாற்றுத்திறனாளி மாணவர சேத்துக்கோ, கேள்வித்தாள் ரெடி ஆனதுக்கப்புறம் இல்ல, கேள்வி எழுத உக்காரும்போதே.